பிலிப்பைன்ஸில் கல்யாணம், ரத்து, வாரிசுரிமை: புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்கு

வத்திக்கானைத் தவிர்த்துப் பார்த்தால், விவாகரத்துச் சட்டமே இல்லாத நாடு உலகில் பிலிப்பைன்ஸ் ஒன்றுதான். அங்கே கல்யாணம் செய்துகொள்வது சுலபம், அதிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. ஒருவர் இறந்த பிறகு சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது கல்யாணப் பதிவைத்தான். தனித்தனியாக 20 வருடம் வாழ்ந்திருந்தாலும், பதிவில் மனைவி என்று இருப்பவர் மனைவிதான், வாரிசும்தான். அந்த 20 வருடமும் கூடவே இருந்து சோறு போட்டவருக்கு வாரிசு என்ற முறையில் ஒன்றும் கிடையாது.

துபாய், தோஹா, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் தமிழர்களும் பிலிப்பினோக்களும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள். பழக்கம் கல்யாணம் வரை போவதும் உண்டு. அப்படிப் போகிறவர்கள், போகப்போகும் உறவினரை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள், பிலிப்பினோ நண்பருக்கு உதவ நினைக்கிறவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். வழக்கு என்று வந்துவிட்டால் அந்த நாட்டு வக்கீல் கட்டாயம் வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே தெரிந்துகொள்ளலாம்.

எந்தச் சட்டம் யாருக்கு

கல்யாணம், கணவன் மனைவி சொத்து, பிள்ளைகள் ஆகியவற்றுக்குக் குடும்பச் சட்டத் தொகுப்பு. கோரசோன் அக்கினோ ஜனாதிபதியாக இருந்தபோது 1987-ல் கையெழுத்திட்டு, 1988 ஆகஸ்ட் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. வாரிசுரிமைக்கு அதற்கும் பழைய, 1950-ல் அமலான சிவில் சட்டத் தொகுப்பு. முஸ்லிம்களுக்கு 1977-ல் வந்த தனிச் சட்டமும் ஷரியா நீதிமன்றங்களும் உண்டு. அவர்களுக்கு மட்டும் உள்நாட்டிலேயே விவாகரத்து கிடைக்கும்.

பிலிப்பினோ எந்த நாட்டில் இருந்தாலும் அவருடைய குடும்ப நிலையை முடிவு செய்வது அவர் நாட்டுச் சட்டம்தான். குவைத்தில் வேலை பார்க்கும் பிலிப்பினோ தம்பதி வேறு நாட்டில் விவாகரத்து வாங்கி வந்தாலும், இருவரும் பிலிப்பினோ குடிமக்களாக இருக்கும்வரை சொந்த ஊரில் அது செல்லாது.

விவாகரத்து அந்த மண்ணுக்கே ஒத்துவராதது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க ஆட்சியில் 1917-லேயே குறுகிய அளவில் ஒரு விவாகரத்துச் சட்டம் இருந்தது. ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது அது இன்னும் விரிந்தது. 1950-ன் சிவில் சட்டம்தான் கதவைச் சாத்தியது. 2024 மே மாதம் பிரதிநிதிகள் சபை ஒரு விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது தேறவில்லை. 2025-ல் காங்கிரஸ் எனப்படும் அந்த நாடாளுமன்றத்தின் காலமே முடிந்துபோனது.

கல்யாணத்துக்கு முன்: காகித வேலை

முதல் படி, பிஎஸ்ஏ எனப்படும் பிலிப்பைன்ஸ் புள்ளிவிவர ஆணையத்தில் இரண்டு காகிதங்கள் வாங்குவது: பிறப்புச் சான்றிதழ், செனோமார். செனோமார் என்பது இவர் பெயரில் கல்யாணப் பதிவு எதுவும் இல்லை என்ற சான்று. நீங்கள் பிலிப்பினோ ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்றால், மண்டபம் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். 'நாங்க பிரிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு' என்பதற்கும் 'கல்யாணம் சட்டப்படி முடிந்தது' என்பதற்கும் அங்கே பெரிய தூரம் இருக்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல்கூட ஒருவர் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்.

அடுத்து கல்யாண லைசென்ஸ். இருவரில் ஒருவர் குடியிருக்கும் நகராட்சியின் சிவில் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்திடமிருந்து, கல்யாணம் செய்துகொள்ளச் சட்டப்படி தடையில்லை என்ற சான்று கொண்டுவர வேண்டும். வயது குறைந்தபட்சம் 18. அதற்குக் கீழே நடத்தி வைப்பதை 2021-ல் வந்த சட்டம் தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கிவிட்டது. 18 முதல் 21-க்குள் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். 21 முதல் 25-க்குள் என்றால் பெற்றோரின் ஆலோசனை கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால் கல்யாணம் நின்றுவிடாது, லைசென்ஸ் மூன்று மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்பு ஒன்றுக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

விண்ணப்பத்தைப் பதிவாளர் அலுவலகப் பலகையில் 10 நாள் தொடர்ந்து ஒட்டி வைப்பார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லட்டும் என்பதற்காக. பிறகு லைசென்ஸ் கையில் வரும். நாடு முழுவதும் செல்லும், ஆனால் 120 நாள்தான் ஆயுள். தேதி தவறினால் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமலும் சில கல்யாணங்கள் நடக்கலாம். அதில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவது, ஐந்து வருடம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கான விலக்கு. 10 நாள் காத்திருக்கச் சோம்பல்பட்டு, இல்லாத ஐந்து வருடத்துக்குப் பிரமாணப் பத்திரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து வருடத்தில் இருவருக்கும் வேறு கல்யாணம் போன்ற எந்தத் தடையும் இருந்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பிரமாணம் பொய் என்று தெரிந்தால் லைசென்ஸ் இல்லாத கல்யாணம் ஆகிவிடும், அதாவது கல்யாணமே இல்லை. யாராவது இந்தக் குறுக்கு வழியைக் காட்டினால் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று, தமிழர்கள் கவனிக்க வேண்டியது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் செய்யும் கல்யாணம் அங்கே செல்லாது. நான்காம் படி வரையுள்ள ரத்த உறவுகளுக்குத் தடை இருக்கிறது, அதில் மாமன் அத்தை பிள்ளைகளும் அடக்கம். அக்காள் மகளை மணப்பது அதற்கும் நெருக்கம், அதுவும் கிடையாது.

கல்யாண நாள்

நினோங், நினாங் என்று ஞானப் பெற்றோர் வரிசையாக நிற்பார்கள். சட்டம் கேட்பது வயது வந்த இரண்டு சாட்சிகளை மட்டுமே. பார்க்க வேண்டியது நடத்தி வைப்பவரின் அதிகாரத்தை. நீதிபதி, மேயர், அரசிடம் பதிவு செய்த பாதிரியார், இமாம் போன்ற மதகுருக்கள், வெளிநாட்டில் பிலிப்பைன்ஸ் தூதர்கள் நடத்தலாம். பாரங்காய் எனப்படும் மிகச் சிறிய உள்ளாட்சிப் பிரிவின் தலைவருக்கு ஊரில் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் இந்த அதிகாரம் கிடையாது.

நடத்தி வைத்தவர் 15 நாளுக்குள் சான்றிதழின் படிகளைப் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். அவர் சேர்த்திருப்பார் என்று இருந்துவிடாமல், சில மாதம் கழித்து பிஎஸ்ஏ பிரதி ஒன்று கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே திருத்துவது எளிது. வெளிநாட்டில் நடந்த கல்யாணம் என்றால் தூதரகத்தில் 'ரிப்போர்ட் ஆஃப் மேரேஜ்' கொடுக்க வேண்டும்.

சொத்து விஷயத்தைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. பின்னால் பேசினால் செல்லாது. ஒப்பந்தம் எழுதாவிட்டால், 1988 ஆகஸ்ட் 3-க்குப் பிந்தைய கல்யாணங்களில் கல்யாணத்துக்கு முன் இருந்த சொத்தும் பின் சேர்ந்த சொத்தும் ஏறக்குறைய எல்லாமே இருவருக்கும் பொது. கல்யாணத்துக்குப் பிறகு ஒருவருக்குப் பரிசாகவோ பரம்பரையாகவோ வந்தது போன்ற சில மட்டும் பொதுவில் சேராது. பொதுச் சொத்தை ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. மனை வாங்கும் எவரும் விற்பவரின் மனைவி கையெழுத்தையும் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

வெளியே வரும் கதவுகள்

அங்கே பேச்சில் எல்லாவற்றையும் 'அனல்மென்ட்', அதாவது ரத்து என்றே சொல்வார்கள். சட்டத்தில் கதவுகள் வேறு வேறு. எந்தக் கதவு என்று தெரியாமல் வக்கீலுக்குப் பணம் கட்டக் கூடாது.

தொடக்கத்திலிருந்தே செல்லாத கல்யாணம் ஒரு வகை. 18 வயது ஆகாதது, லைசென்ஸ் இல்லாதது, முதல் கல்யாணம் இருக்கும்போதே செய்தது, நெருங்கிய ரத்த உறவில் நடந்தது எல்லாம் இதில் வரும். பெரும்பாலான வழக்குகள் போய் நிற்பது இதிலேயே இன்னொரு காரணத்தில்: குடும்பச் சட்டத் தொகுப்பின் 36-ஆம் பிரிவு, உளவியல் இயலாமை. கல்யாண வாழ்க்கையின் அடிப்படைக் கடமைகளைச் செய்யவே முடியாத குணம் ஒருவருக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று காட்ட வேண்டும். 1997-ல் வந்த மோலினா தீர்ப்பு இதற்குக் கடும் நிபந்தனைகள் விதித்தது, மனநல நிபுணர் அறிக்கை இல்லாமல் வழக்கு நகராது என்ற நிலை வந்தது. 2021 மே மாதம் வந்த தான்-அந்தால் தீர்ப்பு அதைத் தளர்த்தியது. இது நோய் அல்ல, சட்டக் கருத்து. நிபுணர் சாட்சி கட்டாயமில்லை. அந்த நபரை முன்பிருந்தே தெரிந்தவர்களின் சாட்சியமும் போதும் என்றது. அதற்காக 'எங்களுக்கு ஒத்துப்போகவில்லை' என்று சொல்லி வெளியே வந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. வெறும் சண்டையும், ஒரு தடவை துணையை ஏமாற்றியதும் தன்னளவில் போதாது. தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் இன்னும் வேண்டும்.

உண்மையான ரத்து அடுத்த வகை. கல்யாணம் செல்லும், ஆனால் ஒரு குறையால் ரத்து செய்யலாம்: 18 முதல் 21-க்குள் பெற்றோர் சம்மதம் இல்லாதது, மிரட்டல், சித்த சுவாதீனமின்மை, தாம்பத்தியத்துக்குத் தீராத இயலாமை, தீராத கடும் பால்வினை நோய், மோசடி. மோசடி என்றால் எந்தப் பொய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் குறிப்பிட்ட சிலவற்றை மட்டுமே ஏற்கும். உதாரணமாக, வேறொருவரால் கருவுற்றிருந்ததை மறைத்தல், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றதை மறைத்தல், போதைப் பழக்கத்தை மறைத்தல். சம்பளம், படிப்பு, வசதி பற்றிப் பொய் சொன்னது கணக்கில் வராது. இவற்றில் பலவற்றுக்கு ஐந்து வருடக் கெடு உண்டு. உண்மை தெரிந்த பிறகும் மனதொப்பிச் சேர்ந்து வாழ்ந்தால் உரிமை போய்விடும்.

சட்டப்படி பிரிந்து வாழும் வழியும் இருக்கிறது. அடி உதை, துணையைக் கைவிடுதல், வேறு தொடர்பு போன்ற காரணங்களுக்குக் கிடைக்கும். சொத்து பிரியும், வீடு பிரியும், ஆனால் மறுமணம் முடியாது.

துணை காணாமல் போயிருந்தால், நான்கு வருடம் கழித்து, உயிர் ஆபத்தான சூழலில் காணாமல் போயிருந்தால் இரண்டு வருடம் கழித்து, இறந்ததாகக் கருதும் அறிவிப்பை நீதிமன்றத்தில் கேட்கலாம். உண்மையாகவே தேடிப் பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்.

சர்ச் கொடுக்கும் ரத்து சர்ச்சுக்கு உள்ளே மட்டும் செல்லும். அதை வைத்துக்கொண்டு மறுபடி கல்யாணம் செய்தால் இருதார மணக் குற்றம், 6 வருடத்துக்கு மேல் 12 வருடம் வரை சிறை.

வன்முறை நடக்கும் வீட்டில் இருப்பவர் இந்த வழக்குகள் முடியட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். பெண்கள், குழந்தைகளுக்கான 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாரங்காயிலேயே 15 நாள் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், பிறகு நீதிமன்றத்தில் நீட்டிக்கலாம். முதலில் அது, மற்றதெல்லாம் அப்புறம்.

வழக்கு எப்படி நடக்கும்

மனுதாரரோ எதிர்த்தரப்போ குறைந்தது ஆறு மாதமாக வசிக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றத்தில் மனு. இருவரும் சம்மதித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைப்போம். அங்கே நேர் எதிர். இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்தார்களா என்று அரசு வக்கீல் விசாரிப்பார், பேசிவைத்தது தெரிந்தால் மனு தள்ளுபடி. எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டார் என்பதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அவர் வராமலே இருந்தாலும் வழக்கு தானாக ஜெயிக்காது. அரசுத் தரப்பில் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகமும் கல்யாணத்தைக் காக்கும் நிலையில் நிற்கும்.

வருடக்கணக்கில் இழுக்கும், சில லட்சம் பெசோ செலவாகும். இந்தச் சுமையைப் பயன்படுத்திக்கொண்டு, 'நீங்கள் நேரில் வரவே வேண்டாம், தீர்ப்பு உறுதி' என்று சொல்லும் இடைத்தரகர்கள் உண்டு. அவர்கள் கையில் கொடுப்பது போலித் தீர்ப்பாக இருக்கலாம். வழக்கு எண்ணை வைத்து நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் விசாரிப்பதுதான் சோதனை.

தீர்ப்பு வந்ததும் வேலை முடியவில்லை, பலர் கோட்டை விடுவது இங்கேதான். தீர்ப்பு இறுதியாக வேண்டும். சொத்துப் பிரிவினை, பிள்ளைகளின் பங்கு எல்லாவற்றையும் சிவில் பதிவேட்டிலும் சொத்துப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் மறுமணம் செய்தால் அந்த இரண்டாம் கல்யாணமும் செல்லாமல் போகும். பிஎஸ்ஏ கல்யாணச் சான்றிதழின் ஓரத்தில் ரத்துக் குறிப்பு அச்சாகி வந்த பிறகே அடுத்த அழைப்பிதழ் அடிக்கலாம்.

ரத்து வழக்கிலும் 36-ஆம் பிரிவு வழக்கிலும், தீர்ப்பு இறுதியாகும் முன் கருவான, பிறந்த பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களே. வாரிசுரிமைக்கு வரும்போது இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

துணை வெளிநாட்டவர் என்றால்

ஒரு தமிழரும் பிலிப்பினாவும் மணந்து, சிங்கப்பூரிலோ வேறு நாட்டிலோ முறையாக விவாகரத்து ஆனது என்று வைத்துக்கொள்வோம். கணவர் மறுமணம் செய்யலாம். அந்தப் பெண்ணும் செய்யலாம் என்று குடும்பச் சட்டத் தொகுப்பின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. விவாகரத்தைக் கேட்டது பிலிப்பினோ தரப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை என்று 2018 ஏப்ரலில் மனாலோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பைப் பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் அங்கீகரிக்கும்வரை பதிவேட்டில் அந்தப் பெண் கல்யாணமானவர்தான்.

அங்கீகார மனுவுக்கு விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட பிரதி மட்டும் போதாது. அந்த நாட்டின் விவாகரத்துச் சட்டத்தையே ஆதாரமாகக் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சட்டம் தனக்குத் தெரியும் என்று அங்குள்ள நீதிபதி வைத்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு காகிதம் இல்லாமல் திரும்பி வந்த மனுக்கள் ஏராளம்.

வாரிசுரிமை

எந்த நாட்டுக் குடிமகனாக இறந்தாரோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் பங்கு. பிலிப்பினோவின் சொத்தில் சிலருக்குக் கட்டாயப் பங்கு உண்டு, உயிலாலும் அதைத் தொட முடியாது: முறைப்படி பிறந்த பிள்ளைகள், அவர்கள் இல்லாவிட்டால் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, முறைப்படியல்லாமல் பிறந்த பிள்ளைகள். அண்ணன் தம்பி இதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். தம்பதியின் பொதுச் சொத்து 1 கோடியே 40 லட்சம் பெசோ. கணவர் இறக்கிறார், கடன் இல்லை, உயில் இல்லை. பாதி மனைவியுடையது, அது வாரிசுச் சொத்தே அல்ல. மீதி 70 லட்சத்தைத்தான் பிரிப்பார்கள். மனைவி, முறைப்படி பிறந்த இரண்டு பிள்ளைகள், வெளியே பிறந்த ஒரு பிள்ளை இருக்கிறார்கள். மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு, வெளியே பிறந்த பிள்ளைக்கு அதில் பாதி. ஆக மனைவிக்கு 20 லட்சம், இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20 லட்சம், மற்ற பிள்ளைக்கு 10 லட்சம்.

அதே மனிதர் உயில் எழுதியிருந்தால்? இரண்டு பிள்ளைகளுக்குப் பாதி, அதாவது ஆளுக்கு 17.5 லட்சம் கட்டாயம். மனைவிக்கும் 17.5 லட்சம். வெளியே பிறந்த பிள்ளைக்கு 8.75 லட்சம். அவர் இஷ்டப்படி எழுதிவைக்க மிஞ்சுவது 8.75 லட்சம் பெசோதான். 'என் சொத்து, யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. அந்த மிச்சத்தையும் கள்ளத் தொடர்பில் இருந்தவருக்கு எழுதினால் செல்லாது.

முறைப்படியல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோரின் முறைப்படியான உறவினர்களுக்கும் இடையே உயிலில்லா வாரிசுரிமையைத் தடுக்கும் பழைய பிரிவு ஒன்று உண்டு, 'இரும்புத் திரை' என்பார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இறந்துபோன தகப்பனின் இடத்தில் நின்று பேரப்பிள்ளை தாத்தா பாட்டி சொத்தைக் கேட்கலாம் என்று அதில் ஒரு வழி திறந்தது.

உயில் இரண்டு விதம். நோட்டரி முன் மூன்று சாட்சிகளோடு எழுதுவது ஒன்று. மற்றது முழுவதும் சொந்தக் கையால் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுவது. இதற்குச் சாட்சி வேண்டாம். டைப் செய்து கீழே கையெழுத்து மட்டும் போட்டால் இந்த இரண்டாம் வகையில் சேராது. கணவனும் மனைவியும் ஒரே தாளில் கூட்டு உயில் எழுதக் கூடாது. எந்த உயிலானாலும் நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும்.

உயில் இல்லை, கடன் இல்லை, வாரிசுகள் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்றால் நீதிமன்றம் போகாமலே பங்கு பிரிக்கலாம். நோட்டரி முன் பத்திரம் எழுதி, செய்தித்தாளில் வாரம் ஒருமுறை என மூன்று வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும். விட்டுப்போன வாரிசோ கடன்காரரோ இரண்டு வருடத்துக்குள் வந்து கேட்கலாம். அந்தக் குறிப்பு பட்டாவிலேயே ஏறும்.

வாரிசு வரி 2018 முதல் ஒரே விகிதம், நிகரச் சொத்தில் 6 சதவீதம். இறந்து ஒரு வருடத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். 50 லட்சம் பெசோ பொதுக் கழிவு உண்டு. குடும்ப வீட்டுக்கு 1 கோடி வரை தனிக் கழிவு. மேலே சொன்ன குடும்பத்தில் 70 லட்சத்தில் 50 லட்சம் கழிந்தால் மிச்சம் 20 லட்சம், வரி 1.2 லட்சம். வீட்டுக் கழிவும் சேர்ந்தால் அதுவும் இல்லாமல் போகலாம். வரி அலுவலகத்தின் அனுமதிச் சான்று இல்லாமல் நிலம் பெயர் மாறாது. தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் யாரும் இந்தப் படியைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டுத் துணைக்கு ஒரு எச்சரிக்கை. அரசியலமைப்பு வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. பணம் நீங்கள் கொடுத்து, பத்திரம் மனைவி பெயரில் எழுதியிருந்தால், பிரியும்போது அந்தப் பணத்தை நீதிமன்றம் மூலம் திரும்பக் கேட்க முடியாது என்று 2006-ல் ஒரு ஜெர்மானியக் கணவரின் வழக்கில் தீர்ப்பானது. வாரிசு முறையில் வரும் நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் சட்டப்படி வாரிசாக வரும் பங்குக்குத்தான், உயிலில் பரிசாக எழுதிய நிலத்துக்கு அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பு வேறு கணக்கு: ஒரு திட்டத்தில் 40 சதவீதம் வரை வெளிநாட்டவர் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம்.